கரிசல் காட்டில் நம் விருப்பப்படி ஒரு வீடு: வரைபடத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில், அப்பா வழியில் வந்து இப்போது அண்ணன் தம்பிகள் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கும் 30 சென்ட் புஞ்சை நிலத்தில், 1,500 சதுர அடியில் தங்கள் விருப்பப்படி ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று சென்னையில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சதுர அடிக்கு என்ன ஆகும், கடைக்கால் (அஸ்திவாரம்) எத்தனை அடி ஆழம் போக வேண்டும், அனுமதி வாங்க வேண்டுமா, அந்த மண்ணிலேயே செங்கல் அறுத்துக் கட்டலாமா என்று நான்கு கேள்விகள் வைத்திருக்கிறார். நான்கையும் சேர்த்துப் படிக்கும்போது அடியில் ஒரே கேள்விதான் தெரிகிறது. நகரத்து மனையில் கட்டுவதற்கும் காட்டு நிலத்தில் கட்டுவதற்கும் என்ன வேறுபாடு, கையில் இருக்கும் பணத்தை முதலில் எதில் போட வேண்டும் என்பதே அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொறியாளன். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் தனி வீடுகளுக்கே வரைபடமும் கம்பிக் கணக்கும் போட்டு, நேரில் நின்று கட்டிக் கொடுத்திருக்கிறேன். கரிசல் மண் எப்படி நடந்துகொள்ளும், கான்கிரீட்டுக்கு எந்தத் தண்ணீர் ஆகும், காற்று எந்த மாதத்தில் எங்கிருந்து வரும் என்பவற்றை உறுதியாகச் சொல்ல என்னால் முடியும். உங்கள் நிலத்தில் கரிசல் எத்தனை அடி ஆழத்துக்கு இருக்கிறது, அதன் அடியில் சுக்கானா (சுண்ணாம்புப் படிவு) சரளையா என்பதை இங்கிருந்தபடி நானோ வேறு எவருமோ சொல்ல முடியாது. அதைத் தோண்டிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். பார்க்காமலேயே "ஐந்தடி போட்டால் போதும்" என்று தொலைபேசியில் சொல்பவரை நம்பாதீர்கள்.

முதலில் சதுர அடிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் விலை, சாலை, மின்கம்பம், குடிநீர்க் குழாய், கழிவுநீர் வழி ஆகியவை ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்ட மனைக்கு உரியது. காட்டு நிலத்தில் இவை ஒவ்வொன்றையும் நீங்களே உண்டாக்க வேண்டும். வண்டிப்பாதையைச் சரளை போட்டு உயர்த்துவது, கம்பம் நட்டு மின்சாரம் கொண்டுவருவது, போர் (ஆழ்துளைக் கிணறு), தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, வீட்டு மட்டத்தை உயர்த்தும் மண், வேலி எதுவும் அந்த விலையில் அடங்காது. கரிசலுக்கான கடைக்காலும் பெரும்பாலும் அடங்காது. ஆகவே என்னிடம் வருபவர்களிடம் இரண்டு தனித்தனிக் கணக்குகள் எழுதச் சொல்வேன். ஒன்று தரைமட்டத்துக்கு மேலே இருக்கும் வீட்டுக்கு. அதற்கு ஊரில் நடப்பில் உள்ள சதுர அடி விலை ஏறக்குறையப் பொருந்தும். மற்றொன்று தரைக்குக் கீழும் வீட்டைச் சுற்றியும் ஆகும் செலவுக்கு. அதைச் சதுர அடியால் பெருக்கிக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வோர் இனமாக விசாரித்து எழுதவேண்டும். பாதியில் நின்றுபோன கிராமத்து வீடுகளில் நான் பார்த்தவை பலவும் இந்த இரண்டாம் கணக்கை எழுதாமல் தொடங்கியவை.

அடுத்தது காகிதம். கூட்டுப் பட்டாவில் உள்ள நிலத்தில் ஒருவர் மட்டும் தன் பணத்தில் வீடு கட்டுவது, சகோதரர்களுக்குள் இன்று எவ்வளவு ஒற்றுமை இருந்தாலும், செய்யக்கூடாத செயல் என்றே நினைக்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, உங்கள் பங்குக்குத் தனிப் பட்டா வாங்கிய பிறகே வானம் (கடைக்கால் குழி) தோண்டுங்கள். பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்பட வரைபடம் (நிலத்தின் எல்லை அளவுப் படம்) ஆகியவற்றை இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து, சர்வே கல் ஒவ்வொன்றும் இடத்தில் இருக்கிறதா, ஓடைப் புறம்போக்கோ வாய்க்காலோ உங்கள் எல்லையை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். பாதை வரைபடத்தில் இருக்கிறதா, அல்லது பக்கத்து நிலத்துக்காரர் இத்தனை காலமும் பெருந்தன்மையாக விட்டுவைத்த வரப்பு வழியா என்பது மிக முக்கியம். மாட்டு வண்டிக்கு அவர் விட்ட வழியில் ஜல்லி லாரி போகும்போது மனம் மாறிவிடும். அது அவர் குற்றமும் அல்ல. பன்னிரண்டு அடி அகலத்துக்குப் பாதை உரிமையை எழுதிப் பதிந்துகொண்டு, அதற்கு ஒரு தொகை கொடுத்துவிடுவது நல்லது.

அனுமதி வேண்டும். காட்டுக்குள் ஒற்றை வீடுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கிராம ஊராட்சிகளுக்கும் பொருந்தும். உங்கள் சர்வே எண் ஏதேனும் முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே இருந்தால், வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நஞ்சையைவிடப் புஞ்சைக்கு இது எளிது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில் உடனே அனுமதி கிடைத்துவிடும் என்று யாரேனும் சொன்னால், அது 2,500 சதுர அடி வரையிலான மனைக்கும் 3,500 சதுர அடி வரையிலான கட்டடத்துக்கும் உரியது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. உங்கள் 30 சென்ட் 13,068 சதுர அடி. பிரித்த பிறகு உங்கள் பங்கு பத்து சென்ட் என்றாலும் 4,356 சதுர அடி ஆகிவிடும். எனவே வழக்கமான வழியில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வேளாண் நிலத்தின் மேல் வங்கிகள் வீட்டுக் கடன் தருவதில்லை.

இனி மண்ணுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கரிசலில் இருக்கும் களிமண், மான்ட்மோரிலோனைட் என்ற வகையைச் சேர்ந்தது. அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. சித்திரை, வைகாசியில் உங்கள் நிலத்தில் போய் நின்றால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு கம்பை வெடிப்புக்குள் விட்டால் இரண்டு மூன்று அடி தடையின்றி இறங்கும். ஐப்பசி மழைக்கு அதே வெடிப்பு மூடிக்கொண்டு, தரை மட்டமே உயர்ந்துவிடும். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் இந்தக் குணம் வரம். ஈரத்தைப் பிடித்துவைத்துத் தை, மாசி வரை பயிரைக் காக்கிறது. வீட்டுக்கு அதுவே பகை. இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு: கரிசலில் கனமான கட்டடத்தைவிட இலேசான கட்டடமே அதிகம் பாதிக்கப்படும். மண் உப்பும்போது மேல்நோக்கித் தள்ளும் விசை ஒற்றைத் தள வீட்டின் எடையை மிஞ்சிவிடுகிறது. "சின்ன வீடுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு கடைக்கால்" என்ற பேச்சு செம்மண் பூமியில் சரி. இங்கே அது தலைகீழ்.

மேலும், வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள மண் மழையும் வெயிலும் படாமல் ஓரளவு ஒரே ஈரத்தில் இருந்துவிடும். ஓரங்களில் உள்ள மண் மட்டும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். அதனால்தான் வெடிப்பு பெரும்பாலும் வீட்டு மூலைகளிலும், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறியும் வருகிறது. கோடையில் விரிந்து மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் சாய்வு வெடிப்பைப் பார்த்தால் அது பூச்சின் கோளாறு அல்ல, மண்ணின் வேலை என்று அறிந்துகொள்ளலாம். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நான் இதைப் புத்தகத்தில் படித்திருந்தும், கொத்தனாரின் அனுபவத்தையும் வீட்டுக்காரரின் சிக்கனத்தையும் மதித்து, நான்கடி ஆழக் கருங்கல் கட்டுக்கு ஒப்புக்கொண்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் மழை குறைவு. வீடு நன்றாக நின்றது. மூன்றாவது ஆண்டு பெய்த நல்ல மழையில் மேற்குச் சுவர் மூலையோடு பிரிந்தது. அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு குழி தோண்டிப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆகவே உங்கள் முதல் செலவு வரைபடத்துக்கு அல்ல, குழிக்கு. வீடு வரப்போகும் இடத்தில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு, நடுவில் ஒன்று என மூன்று குழிகளைப் பத்தடி ஆழம் வரை ஜேசிபி வைத்துத் தோண்டுங்கள். அரை நாள் வேலை. ஆழமான குழியில் யாரும் இறங்கக் கூடாது, கரிசல் சுவர் சட்டென்று சரியும். வாளியில் மேலே வரும் மண்ணைப் பார்த்தாலே போதும். ஒவ்வோர் அடிக்கும் மண் எப்படி மாறுகிறது, எந்த ஆழத்தில் வெள்ளைச் சுக்கான் தென்படுகிறது, எங்கே சரளையோ பாறையோ வருகிறது என்று எழுதிவையுங்கள். தோண்டிய குழிகளைப் பின்னர் இறுக்கி மூட வேண்டும். வீட்டுத் தூண் வரும் இடத்தில் அவை அமையாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படிவிலிருந்தும் மண் எடுத்து, அரசுப் பொறியியல் கல்லூரி அல்லது பாலிடெக்னிக் ஆய்வகத்தில் கொடுத்தால் கட்டணத்துக்குச் சோதித்துத் தருவார்கள். அங்கே செய்யப்படும் சோதனைகளில் ஒன்று எவருக்கும் புரியக்கூடியது. சலித்த உலர்ந்த மண் பத்து கிராமை ஒரு அளவுக் குழாயில் தண்ணீரிலும், இன்னொரு பத்து கிராமை மற்றொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு, ஒரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 10 மில்லிலிட்டராக இருக்கும் மண் தண்ணீரில் 18 ஆகியிருந்தால், உப்பல் 80 விழுக்காடு. 50க்குக் கீழே என்றால் பெரிய கவலை இல்லை. 100ஐத் தாண்டினால் சுவர் நெடுக ஓடும் சாதாரண வரிக் கடைக்காலைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் முடிவு.

குழி சொல்லும் செய்தியைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும். ஐந்தாறு அடிக்குள் கெட்டியான சுக்கானோ சரளையோ வந்துவிட்டால், தூண்களின் அடித்தளத்தை அதன்மேல் உட்கார வைத்துவிடலாம்; இதுவே மலிவானது, நம்பகமானது. பத்தடிக்கும் கரிசலே தொடர்ந்தால், குமிழ்க் கால் என்று நாங்கள் சொல்லும் முறைக்குப் போக வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. ஓரடி விட்டத்தில் துளை போட்டு, அதன் அடியில் மட்டும் துளையை இரண்டரை மடங்கு விட்டத்துக்கு அகலமாக்கி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் மாட்டிக்கொள்வதால், மேல்மண் உப்பி இழுத்தாலும் வீடு எழும்பாது. ஆழ்ந்த கரிசலுக்குக் குறைந்தது 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி ஆழம் வேண்டும். மண் மேல்நோக்கி இழுக்கும் என்பதால் கம்பி முழு நீளத்துக்கும் போக வேண்டும். மேலே நான்கடி மட்டும் கம்பி விட்டு மிச்சம் பிடிப்பது முறையையே வீணாக்கிவிடும்.

அந்தக் கால்களின் தலையை இணைக்கும் கான்கிரீட் பெல்ட் தரையில் படுத்திருக்கக் கூடாது. அதற்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 80 மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்று இந்தியத் தர விதியே சொல்கிறது. எங்கள் பக்கத்தில் அதிகம் மீறப்படும் விதி இதுதான். கொத்தனாருக்கு வெற்றிடத்தைப் பார்த்தால் மனம் கேட்காது. நீங்கள் ஊருக்குப் போன பிறகு மண்ணைத் தள்ளி நிரப்பிவிடுவார். நிரப்பிய மண் மழையில் உப்பி பெல்ட்டைத் தூக்கும். கீழே எவ்வளவு செலவழித்துக் கால் போட்டீர்களோ அவ்வளவும் வீண். அந்த ஒரு நாள் மட்டுமாவது விடுப்பு எடுத்து நேரில் நில்லுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கரிசலில் வானம் தோண்டி, இரண்டடிக்கு மணலை நிரப்பி, அதன்மேல் கல்கட்டு ஏற்றுவது ஊரில் நெடுநாள் வழக்கம். மணல் உப்பாது என்பது உண்மை. ஆனால் சுற்றிலும் தண்ணீரைக் கடத்தாத களிமண் இருக்க, நடுவில் மணல் வரி இருந்தால் அது ஒரு தொட்டியாகிவிடுகிறது. மழைநீர் அங்கே தேங்கி அடியில் உள்ள கரிசலுக்கு மாதக்கணக்கில் ஈரத்தை ஊட்டிக்கொண்டிருக்கும். அதேபோல் பேஸ்மட்டத்துக்குள் (வீட்டுத் தரைக்கு அடியில் நிரப்பும் பகுதி) தோண்டியெடுத்த கரிசலையே போட்டு நிரப்பக் கூடாது. வெளியிலிருந்து செம்மண் சரளை அடித்து, அரையடிப் படிவுகளாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள். வீட்டைச் சுற்றி நான்கு அல்லது ஐந்தடி அகலத்துக்கு வெளிச்சாய்வோடு தளம் போட்டு, கூரைநீர், குளியல்நீர், பாத்திரம் கழுவும் நீர் எல்லாம் இருபதடிக்கு அப்பால் போய் விழும்படி செய்யுங்கள். வாசலில் வேப்பமரம் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. கரிசலில் மட்டும் மரத்தை அது வளரப்போகும் உயரத்துக்குச் சமமான தொலைவில் வைக்கும்படி சொல்வேன். கோடையில் அதன் வேர் ஒரு மூலையின் ஈரத்தை மட்டும் உறிஞ்சிவிடும்.

அந்த மண்ணில் செங்கல் அறுக்கலாமா என்ற கேள்விக்கு, கரிசலில் வேண்டாம் என்பதே பதில். அழுத்திச் செய்யும் மண்கற்களுக்கு மணல் கலந்த செம்மண் ஏற்றது. ஐந்து விழுக்காடு அளவில் சிமெண்ட் சேர்த்தாலே நல்ல கல் கிடைக்கும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இதைப் பல ஆண்டுகளாகச் செய்தும் கற்பித்தும் வருகிறது. களி மிகுந்த கரிசலோ காயும்போதே வெடித்துவிடும். மண்வீட்டின் குளுமைதான் உங்கள் நோக்கம் என்றால், செவல் மண் கிடைக்கும் ஊரிலிருந்து கல் வாங்கலாம். அல்லது சாதாரணச் செங்கல்லையே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் வைத்து, சுவருக்குள் காற்றிடம் விடலாம். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகும், உள்ளே வெப்பமும் குறையும். ஆனால் அந்தக் கட்டு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டுமே இதில் இறங்குங்கள்.

வீட்டு மட்டத்தை எதை வைத்து முடிவு செய்வது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் உடைத்துக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாளில் உங்கள் நிலத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்துக் காட்டுக்காரரைக் கேளுங்கள். பனையிலோ பம்புசெட் சுவரிலோ அவர் காட்டும் அடையாளத்தை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து உங்கள் மனைக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் ஒன்றரை அடியில் தரைமட்டம் வையுங்கள். ஊரில் தெரு மட்டத்தைப் பார்த்து வைப்பார்கள். காட்டில் தெரு இல்லை, அந்த மனிதரின் நினைவுதான் அளவுகோல்.

தண்ணீரை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். கட்டுவதற்கான தண்ணீர் ஒன்று. இந்த வட்டாரத்துப் போர்களில் பலவும் உவர்நீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. சல்பேட் 400க்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் அந்தத் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தார்சின் (கான்கிரீட் கூரையின்) அடிப்பூச்சை உதிரச் செய்யும். போர் போட்டவுடன் ஒரு பாட்டில் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். தேறாவிட்டால் கலவைக்கும் கான்கிரீட்டை நனைத்து நீராற்றுவதற்கும் லாரித் தண்ணீர் வாங்குங்கள். குடியிருக்கும்போது வேண்டிய தண்ணீர் இன்னொன்று. 1,500 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 97,000 லிட்டர். வழியில் போவது போக எண்பது விழுக்காடு பிடித்தாலும் 78,000 லிட்டர் நன்னீர். இருபதாயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று கட்டினால் குடிக்கவும் சமைக்கவும் கோடை வரை தாங்கும். கரிசலில் அந்தத் தொட்டியைச் செங்கல்லில் கட்டாதீர்கள். பக்கத்து மண் உப்பிச் சுவரை உள்ளே தள்ளும். கம்பி போட்ட கான்கிரீட்டே வேண்டும்.

கழிவுநீருக்கும் இதே மண்தான் தடை. உறை இறக்கி உறிஞ்சுகுழி வைத்தால் கரிசல் தண்ணீரை உறிஞ்சாது. மழைக்காலத்தில் குழி நிரம்பித் திரும்பும். கசிவுநீர் விடும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்களிடம் இடம் இருப்பதால், செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீரை நீளமான ஜல்லிப் படுகையில் பரப்பி, மேலே கல்வாழையும் வாழையும் வைப்பதே நான் பரிந்துரைப்பது. மின்சாரத்தைப் பற்றி ஒரே சொல்: நிலத்தில் இலவச வேளாண் இணைப்பு இருந்தாலும் அதிலிருந்து கட்டட வேலைக்கோ வீட்டுக்கோ எடுக்காதீர்கள், அது விதிமீறல், தற்காலிக இணைப்புக்குத் தனியே விண்ணப்பியுங்கள்.

விருப்பப்படி கட்டுவது என்ற உங்கள் ஆசைக்கு இப்போதுதான் இடம் வருகிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று எவ்வளவு வலுவானது என்பதற்குக் கயத்தாற்றுக் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்று புழுதியையும் கொண்டுவரும். மேற்கே பெரிய சன்னல் வைத்தால் நான்கு மாதம் அடைத்தே கிடக்கும்; மூடிய தாழ்வாரமோ, பொருள் வைக்கும் அறையோ, மாடிப்படியோ மேற்கே இருந்தால் பிற்பகல் வெயிலையும் அதுவே தாங்கிக்கொள்ளும். வீட்டைச் செவ்வகமாக, எளிய வடிவத்தில் வையுங்கள். நீட்டலும் மடிப்புமாக இருக்கும் வடிவங்களில், ஒவ்வொரு மடிப்பு மூலையும் கரிசலில் ஒரு வெடிப்புக்கு இடம் கொடுக்கும். திண்ணையையும் போர்டிகோவையும் வீட்டோடு ஒட்டாமல், தனிக் கடைக்காலில், இடையே ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வாஸ்து பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காகத் தூண்களை இடம் மாற்றுவது என்றால் பொறியாளரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

சென்னையில் இருந்துகொண்டு வேலையைக் கவனிக்க, பொருளை நீங்கள் வாங்கிக் கூலியை மட்டும் ஒப்பந்தம் விடுவது தரத்துக்கு நல்லது. ஆனால் அதற்கு நாள்தோறும் நிற்க நம்பகமான ஓர் ஆள் வேண்டும். அவர் இல்லையென்றால் முழு ஒப்பந்தமே விடலாம். பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலையின் கட்டத்துக்குக் கொடுங்கள். எது நடந்தாலும் சில அளவுகளை நீங்களே தெரிந்துவைத்திருப்பது உதவும். 1,500 சதுர அடியில் ஐந்து அங்குலத் தார்சு போட ஏறக்குறைய 17.7 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் சுமார் 140 மூட்டை சிமெண்ட், பீம்களுக்குத் தனி. அன்று மாலை நூறு வெற்று மூட்டைதான் இருக்கிறது என்றால், என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக் கூடாது. கலவை குழம்பாக ஓடினால் வேலை எளிது, வலு போய்விடும். பத்து நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், பதினான்கு நாள் என்றால் இன்னும் நல்லது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்ற பெயரில் கிரஷர் தூசி வந்து இறங்குவதுண்டு. கையில் எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கிவிட்டால், மேலே நிற்கும் மாவுப் படிவு காட்டிக் கொடுத்துவிடும்.

உறுதியாகச் சொன்னவற்றையும் உங்கள் இடத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவற்றையும் கலந்துவிடாதீர்கள். மண்ணின் குணம், பெல்ட்டின் கீழ் வெற்றிடம், தண்ணீரின் வரம்பு, கம்பியின் முழு நீளம் ஆகியவை எந்தக் கரிசல் நிலத்துக்கும் மாறாதவை. குமிழ்க் கால் எத்தனை, எவ்வளவு இடைவெளியில், தூண் எங்கே என்பவற்றை உங்கள் குழியின் முடிவை வைத்து, கணக்குப் போட்டுக் கையெழுத்திடும் பொறியாளர் ஒருவர்தான் தர வேண்டும். மரம் எவ்வளவு தள்ளி, தரைமட்டம் எவ்வளவு உயரம் என்று நான் சொன்னவை அனுபவக் கணக்குகள். அவற்றைச் சிறிது கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளலாம்.

மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி. வரும் சித்திரையில் நிலம் முழுவதும் வெடித்துக் கிடக்கும்போது குழி தோண்டி மண் எடுங்கள். அதே ஆண்டுக்குள் பாகப்பிரிவினையும் பாதையும் முடியட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை நாளில் நேரில் போய், தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று நின்று பாருங்கள். அனுமதியும் போரும் மின்சாரமும் இரண்டாம் ஆண்டுக்கு. மூன்றாம் ஆண்டு தையில் வானம் தோண்டினால், ஆடிக்குள் கடைக்காலும் பெல்ட்டும் பேஸ்மட்டமும் முடிந்து சுவர் எழும்பிவிடும். ஐப்பசி பிறந்த பிறகு கரிசல் பாதையில் லாரி இறங்காது என்பதால், தார்சுக்கான ஜல்லியும் எம்-சாண்டும் புரட்டாசிக்குள் நிலத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.